காது படித்த பிறகே கண் படிக்கும்

மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் சாலையில், வைகையின் வடகரைப் பக்கம் இருக்கிறது பரவை. வெளியூர்க்காரர்களுக்கு அந்தப் பெயரைச் சொன்னால் இரண்டு விஷயங்கள் நினைவுக்கு வரும். ஒன்று, மொத்தக் காய்கறி மார்க்கெட். மற்றொன்று, தன் ஊர்ப் பெயரையே முன்பெயராக வைத்துக்கொண்டு வாழ்ந்து 2020 மார்ச்சில் மறைந்த நாட்டுப்புறப் பாடகி பரவை முனியம்மா. இந்த இரண்டுமே காதின் உலகத்தைச் சேர்ந்தவை. மார்க்கெட்டில் விலை காதில்தான் வந்து விழுகிறது, கணக்கு வாயிலேயே நடக்கிறது. நாட்டுப்புறப் பாட்டு என்பதே ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் காதுக்குக் கைமாறி வந்த சொத்து. இப்படி ஒலியால் நிறைந்த ஓர் ஊரில் பிறக்கும் பிள்ளைக்கு மொழிப் பஞ்சம் இருக்க முடியாது என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் அதே பிள்ளை எட்டு வயதில் ஒரு பாடப்புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, நான்கு வரிகளைப் படிக்க முடியாமல் திணறுகிறது. ஊர் கொடுத்த மொழிக்கும் புத்தகம் கேட்கும் மொழிக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. அந்தப் பள்ளத்தை ஒன்றாம் வகுப்பில் தூர்க்க முடியாது, அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில்தான் தூர்க்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரை சொல்ல வருவது.

முதலில் நிலைமை என்ன என்று பார்த்துவிடலாம். 'அசர்' என்று அழைக்கப்படும் ஆண்டுக் கல்வி நிலை அறிக்கைக்காக ஊரகப் பகுதிகளில் வீடு வீடாகப் போய், பிள்ளைகளின் கையில் ஒரு தாளைக் கொடுத்துப் படிக்கச் சொல்கிறார்கள். அதில் இருப்பது இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு சிறு கதை. தமிழ்நாட்டில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் அந்தக் கதையைப் படிக்க முடிந்தவர்கள் 2018-இல் 100-க்குச் சுமார் 40 பேர். கொரோனாவில் பள்ளிகள் பூட்டிக் கிடந்த பிறகு, 2022-இல் எடுத்த கணக்கில் அது சுமார் 25 பேராகச் சரிந்தது. இந்தச் சரிவைப் பற்றி நிறையப் பேசினோம். சரிவதற்கு முன்பே பாதிப் பிள்ளைகளுக்கு மேல் படிக்க முடியாமல் இருந்தார்கள் என்பதைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கு வராததால் ஏற்பட்ட குறை இதுவன்று. தமிழ்நாட்டில் தொடக்கப் பள்ளியில் சேராத பிள்ளைகள் மிகச் சிலரே. மதிய உணவு, இப்போது காலை உணவு, இலவசப் புத்தகம், சீருடை என்று பிள்ளையை வகுப்பறைக்கு அழைத்துவரும் வேலையை இந்த மாநிலம் நன்றாகவே செய்திருக்கிறது. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியதே மதுரையில் ஒரு மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில்தான். வந்து உட்கார்ந்த பிள்ளைக்கு ஏன் படிக்க வரவில்லை என்பதுதான் கேள்வி.

இதற்கு விடை காண, படிப்பு என்ற வேலைக்குள் என்னென்ன இருக்கின்றன என்று பிரித்துப் பார்க்க வேண்டும். 1986-இல் கஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை ஒரு பெருக்கல் கணக்காகச் சொன்னார்கள். எழுத்தைப் பார்த்து ஒலியாக மாற்றும் திறமை ஒன்று. அந்த ஒலியைக் காதால் கேட்டால் பொருள் புரியும் மொழியறிவு மற்றொன்று. இரண்டையும் பெருக்கி வருவதே படிப்பு. கூட்டலாக இருந்தால் ஒன்றில் உள்ள குறையை மற்றொன்றால் சரிக்கட்டலாம். பெருக்கலில் அது நடக்காது. ஒரு பக்கம் பூஜ்ஜியம் என்றால் விடையும் பூஜ்ஜியம்தான். நம் பள்ளிகளும் பெற்றோர்களும் முழுக் கவனத்தையும் முதல் பாதியின் மேல் வைத்திருக்கிறோம். மூன்று வயதில் சிலேட்டு, நான்கு வயதில் நான்கு கோடு நோட்டு, ஐந்து வயதில் அட்டவணை மனப்பாடம். இரண்டாவது பாதி தானாக வந்துவிடும் என்று விட்டுவிடுகிறோம், 'வீட்டில் தமிழ்தானே பேசுகிறோம்' என்ற தெம்பில். அந்தத் தெம்பு எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்க்க வேண்டும்.

எழுத்தின் பக்கத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என்று 247 எழுத்துகள். ஆங்கிலத்தின் 26-ஐ ஒரு மாதத்தில் ஒப்பித்துவிடலாம், தமிழின் 247-க்குக் காலம் வேண்டும். எண்ணிக்கை மட்டுமே சிக்கல் இல்லை. 'கொ' என்ற எழுத்தைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். வாயில் முதலில் வருவது 'க்' ஒலி, பிறகுதான் 'ஒ'. எழுத்திலோ முதலில் கொம்பு, நடுவில் 'க', கடைசியில் கால். காது கேட்ட வரிசை ஒன்று, கண் பார்க்கும் வரிசை வேறொன்று. உகரத்துக்கு வந்தால் 'கு' ஒரு விதமாக வளைகிறது, 'சு' ஒரு விதமாக இறங்குகிறது, 'து' இன்னொரு விதமாகக் கால் நீட்டுகிறது. 'க' என்ற ஒரே எழுத்து 'கல்'லில் ஒரு ஒலி, 'தங்க'த்தில் வேறு ஒலி, 'அகல்' என்னும்போது மூன்றாவது ஒலி. தமிழை ஏற்கெனவே பேசத் தெரிந்தவர்களுக்கு இது சிக்கலே இல்லை, இடம் பார்த்து நாக்கு தானே திரும்பிக்கொள்ளும். ஆனால் சொல்லே தெரியாத பிள்ளைக்கு எந்த ஒலியைப் போடுவது என்று தெரியாது. ஆக, எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குக்கூட அந்தச் சொல் முன்பே காதுக்குள் போயிருக்க வேண்டும். நம்மைப் போலவே உயிர்மெய் முறை கொண்ட கன்னடத்தில் பிள்ளைகள் எப்படிப் படிக்கப் பழகுகிறார்கள் என்று ஆய்ந்த சோனாலி நாக், எழுத்துகள் முழுவதும் கைவசமாவதற்குத் தொடக்க வகுப்புகளில் பல ஆண்டுகள் ஆகின்றன என்று 2007-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். இத்தனை நீண்ட பாதையில் பிள்ளை சலிக்காமல் நடக்க வேண்டுமானால், பாதையின் முடிவில் ஒரு நல்ல கதை இருக்கிறது என்ற ருசி அதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது மொழியின் பக்கம். நமக்கே உரிய சிக்கல் இங்கேதான் இருக்கிறது. தமிழ்ப் பிள்ளைக்குத் தாய்மொழி ஒன்று, புத்தக மொழி ஒன்று. பரவைப் பக்கத்துப் பிள்ளை 'அங்கிட்டு', 'இங்கிட்டு' என்கிறது, புத்தகம் 'அங்கே', 'இங்கே' என்கிறது. பிள்ளை 'வந்துக்கிட்டு இருக்கு' என்கிறது, புத்தகம் 'வந்துகொண்டிருக்கிறது' என்று எட்டு எழுத்துக்கு மேல் நீட்டிப் போகிறது. பிள்ளையின் 'அம்மாச்சி' புத்தகத்தில் 'பாட்டி' ஆகிவிடுகிறார். 'வெரசா', 'வெள்ளனா', 'பைய' என்று அன்றாடம் புழங்கும் சொற்களுக்குப் புத்தகத்தில் இடமே இல்லை. படித்துப் பழகிய வீட்டில் பிறந்த பிள்ளைக்கு இந்தப் பள்ளம் தெரிவதில்லை, ஏனென்றால் அந்த வீட்டில் யாரோ ஒருவர் செய்தித்தாளை உரக்கப் படிக்கிறார், கதைப் புத்தகத்தை வாசித்துக் காட்டுகிறார். எழுத்துத் தமிழ் அதன் காதில் மூன்று வயதிலேயே விழுந்துவிடுகிறது. மற்றப் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பில் எழுத்தின் வடிவத்தையும் எழுத்துத் தமிழையும் ஒரே நாளில், ஒரே மூச்சில் சந்திக்கிறார்கள். இரண்டு புதியவற்றை ஒன்றாகத் தலையில் ஏற்றினால் எந்தப் பிள்ளையும் தடுமாறத்தான் செய்யும். பிறகு அந்தத் தடுமாற்றத்துக்கு 'மந்தம்' என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

இப்படி இரண்டு நடை கொண்ட மொழி தமிழ் மட்டுமே இல்லை. அரபியும் அப்படித்தான். வீட்டில் பேசும் அரபி வேறு, ஏட்டில் உள்ள அரபி வேறு. இஸ்ரேலில் அரபி பேசும் மழலையர் வகுப்புகளில், பிள்ளைகளுக்கு ஏட்டு அரபியில் உள்ள கதைப் புத்தகங்களை மாதக்கணக்கில் தினமும் வாசித்துக் காட்டி, அதன் பலனை 1993-இல் ஃபைட்டல்சன் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் வெளியிட்டார்கள். அந்த நடை குழந்தைகளுக்குப் புரியாது, பேச்சு அரபியில் சொன்னால்தான் பிடிக்கும் என்று அங்கேயும் பலர் நம்பியிருந்தார்கள். நடந்ததோ வேறு. கதை கேட்ட பிள்ளைகள் கேட்டதைப் புரிந்துகொள்வதிலும், படத்தைப் பார்த்துத் தாமாகக் கதை சொல்வதிலும் மற்றவர்களை முந்தினார்கள். நமக்கு இதில் உள்ள பாடம் தெளிவானது. பேச்சுத் தமிழைத் திருத்தத் தேவையில்லை, 'அங்கிட்டு' என்று சொல்லும் பிள்ளையை அதட்டத் தேவையே இல்லை. வீட்டுப் பேச்சு அப்படியே இருக்கட்டும். அதன் பக்கத்தில் புத்தகத் தமிழையும் தினம் கொஞ்சம் காதில் போட்டு வைத்தால், எழுத்து வரும்போது அது பழகிய முகமாக வரும்.

காதில் போடுவது என்றால் பிள்ளையைச் சுற்றிச் சத்தம் இருந்தால் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. இதில் நீண்ட விவாதம் ஒன்று நடந்திருக்கிறது. அமெரிக்காவில் ஹார்ட், ரிஸ்லி என்ற இருவர் 42 குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்து, ஏழை வீட்டுப் பிள்ளைகள் கேட்கும் சொற்கள் மிகக் குறைவு என்று 1995-இல் எழுதினார்கள். அந்தக் கணக்கு உலகெங்கும் பரவியது. பிறகு 2018-இல் ஸ்பெரியும் கூட்டாளிகளும் அதே கேள்வியை மறுபடி எடுத்து, தாய் மட்டுமே அல்லாமல் வீட்டில் உள்ள மற்றவர்கள் பேசுவதையும் சேர்த்துக்கொண்டால் அந்த இடைவெளி அப்படி நிற்கவில்லை என்று காட்டினார்கள். ஏழை வீட்டில் மொழி இல்லை என்ற பழிச்சொல்லுக்கு இடமில்லை என்பதை நாமும் ஒத்துக்கொள்ள வேண்டும். பாட்டி, அத்தை, மாமா, பக்கத்து வீட்டு அக்கா என்று பத்துப் பேர் பேசும் நம் தெருக்களுக்கு அது இன்னும் பொருந்தும். அதே 2018-இல் ரோமியோ என்ற ஆய்வாளரின் குழு, நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளின் வீட்டுப் பேச்சைப் பதிவுசெய்து, கதை கேட்கும்போது அவர்கள் மூளை இயங்கும் விதத்தையும் படம்பிடித்தது. பிள்ளை எத்தனை சொல் கேட்டது என்பதைவிட, பிள்ளையும் பெரியவரும் எத்தனை முறை மாறி மாறிப் பேசிக்கொண்டார்கள் என்பதோடுதான் மூளையின் மொழிப் பகுதி இயங்கிய விதம் நெருங்கிப் பொருந்தியது. குடும்பத்தின் வருமானம் எதுவானாலும் அப்படித்தான். பிள்ளையின் மொழியை வளர்ப்பது சொல் மழை அல்ல, பேச்சுப் பரிமாற்றம்.

அது எப்படி இருக்கும் என்று ஓர் எடுத்துக்காட்டாகப் பார்க்கலாம். மார்க்கெட்டிலிருந்து வந்த பையைப் பாட்டி தரையில் கொட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நாலு வயதுப் பிள்ளை ஒரு கத்தரிக்காயை எடுக்கிறது. "அம்மாச்சி, இது ஏன் குண்டா இருக்கு?" "அதைக் கீழே வை" என்று சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்தது. "குண்டா இருக்கா? எதைவிடக் குண்டா இருக்கு?" என்று கேட்டால் பிள்ளை பையைக் கிளறும், வெண்டைக்காயை எடுத்துப் பக்கத்தில் வைக்கும். "இது ஒல்லி, அது குண்டு" என்று சொல்லும். "ஆமா, வெண்டைக்காய் ஒல்லியா நீளமா இருக்கு. கத்தரிக்காய் குட்டையா உருண்டையா இருக்கு. அதுக்குத் தலையில தொப்பி வேற இருக்கு பாரு, அதுதான் காம்பு" என்று பாட்டி சேர்த்துச் சொன்னால், பிள்ளைக்கு நீளம், குட்டை, உருண்டை, காம்பு என்று நான்கு சொற்கள் கையில் தொட்டுப் பார்த்தபடி கிடைத்துவிடுகின்றன. ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிடும் பழக்கமும் கூடவே வருகிறது. இதற்கு ஆன நேரம் இரண்டு நிமிடம், ஆன செலவு எதுவும் இல்லை. பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டிய தேவையும் இல்லை. படிக்காத தாயால் பிள்ளைக்கு என்ன சொல்லிக்கொடுக்க முடியும் என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். கேள்விக்குக் கேள்வி கேட்கத் தெரிந்தால் போதும், பிள்ளை சொன்னதை இன்னும் ஒரு சொல் சேர்த்துத் திருப்பிச் சொல்லத் தெரிந்தால் போதும்.

புத்தகத்தைக் கையில் எடுக்கும்போதும் இதே வழிதான். பெரியவர் வாசிக்க, பிள்ளை கைகட்டிக் கேட்பது ஒரு முறை. பெரியவர் பாதியில் நிறுத்தி, "இப்ப நரி என்ன செய்யும்?", "இந்தப் படத்துல யார் ஒளிஞ்சிருக்கா?" என்று கேட்டுப் பிள்ளையையே கதை சொல்ல வைப்பது இன்னொரு முறை. அமெரிக்காவில் வைட்ஹர்ஸ்ட் என்பவர் 1988-இல் வெளியிட்ட சோதனையில், இரண்டு வயதை ஒட்டிய சுமார் 30 பிள்ளைகளின் பெற்றோர்களில் ஒரு பாதிப் பேருக்கு இந்த இரண்டாவது முறையைச் சொல்லிக்கொடுத்தார். மற்றப் பாதிப் பேர் வழக்கம்போல வாசித்தார்கள். நான்கே வாரத்தில் முதல் கூட்டத்துப் பிள்ளைகளின் பேச்சுத் திறன் மற்றவர்களைவிடப் பல மாதங்கள் முன்னே போயிருந்தது. புத்தகம் இரண்டு வீட்டிலும் இருந்தது, வாசிப்பும் இரண்டு வீட்டிலும் நடந்தது. யார் பேசினார்கள் என்பதில்தான் வேறுபாடு.

'இதையெல்லாம் போனே செய்துவிடாதா, யூடியூபில் தமிழ்ப் பாட்டும் கதையும் கொட்டிக் கிடக்கின்றனவே' என்பது இன்று எல்லா வீட்டிலும் கேட்கும் கேள்வி. சமையல் முடியும் வரை, சாப்பாடு ஊட்டி முடிக்கும் வரை பிள்ளையை உட்கார வைக்க வேறு வழியில்லாத தாய்மார்களைக் குறை சொல்வது எளிது, நியாயம் இல்லை. ஆனால் போனிலிருந்து பிள்ளை மொழி கற்றுக்கொள்கிறது என்ற நம்பிக்கையை மட்டும் விட்டுவிட வேண்டும். 2003-இல் பாட்ரீசியா கூல் நடத்திய சோதனையில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளில் ஒரு பகுதியினருக்குச் சீன மொழி பேசுபவர்கள் நேரில் உட்கார்ந்து விளையாட்டுக் காட்டிப் பேசினார்கள். இன்னொரு பகுதியினருக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் திரையில். பன்னிரண்டு அமர்வுகள் முடிந்த பிறகு, நேரில் கேட்ட குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறிந்தார்கள். திரையில் கேட்டவர்கள், அந்த மொழியைக் கேட்காதவர்களைப் போலவே இருந்தார்கள். குழந்தையின் காது ஆளைத் தேடுகிறது. தன் முகத்தைப் பார்த்து, தான் சிரித்தால் சிரித்து, தான் கைநீட்டிய பொருளின் பெயரைச் சொல்லும் ஆள். திரைக்குக் குழந்தை எதைக் காட்டுகிறது என்று தெரியாது. பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, திரையில் ஓடுவதைப் பற்றிப் பிள்ளையோடு பேசினால் அதுவும் ஒரு புத்தகம்போல் ஆகலாம். தனியே விட்டால் அது வெறும் வெளிச்சம்.

'பேச்சு, கதை என்று ஐந்து வயது வரை ஓட்டிவிட்டால் பிள்ளை பின்தங்கிவிடாதா, பக்கத்து வீட்டுப் பிள்ளை எல்.கே.ஜி.யிலேயே எழுதுகிறதே' என்பது அடுத்த கவலை. இது வலுவான கவலைதான், ஏனென்றால் தனியார் நர்சரிப் பள்ளிகள் எழுதி நிரப்பிய நோட்டைக் காட்டித்தான் பெற்றோரைத் திருப்திப்படுத்துகின்றன. நியூசிலாந்தில் சகேட் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு, ஐந்து வயதில் படிப்புத் தொடங்கிய பிள்ளைகளையும் ஏழு வயதில் தொடங்கிய பிள்ளைகளையும் ஒப்பிட்டது. பதினோரு வயதை எட்டும்போது இரண்டு கூட்டமும் சமமாகப் படித்தன, பொருள் புரிந்துகொள்வதில் தாமதமாகத் தொடங்கியவர்கள் சற்று மேலாகவும் இருந்தார்கள். முந்தித் தொடங்கியதால் நிலைத்த லாபம் இல்லை. இதனால் எழுத்தே வேண்டாம் என்று ஆகிவிடாது. ஒன்றாம் வகுப்பு வந்ததும் எழுத்தையும் ஒலியையும் முறையாக, படிப்படியாகக் கற்பிக்கத்தான் வேண்டும், அதில் தளர்ச்சி கூடாது. கதை கேட்டே பிள்ளை தானாகப் படித்துவிடும் என்று நம்புவதும் தவறுதான். ஆனால் மூன்று வயதில் பென்சிலைப் பிடிக்கத் திராணியில்லாத விரல்களுக்கு மணலும், களிமண்ணும், கோலப்பொடியும்தான் ஏற்றவை. திண்ணைப் பள்ளிக் காலத்தில் பிள்ளைகள் மணலில் விரலால்தான் எழுதிப் பழகினார்கள். 'பட்டம், வட்டம், கட்டம்' என்று ஒலி ஒத்த சொற்களைத் தேடும் விளையாட்டும், 'ம'வில் முடியும் சொல்லுக்கு 'ம'வில் தொடங்கும் சொல் கேட்கும் விளையாட்டும், சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளைப் பிரித்துக் கேட்கக் காதைப் பழக்குகின்றன. எழுத்துக்கு அதுவே சரியான முன்னேற்பாடு. ஏடு காட்டி எழுதவைப்பது அதற்கு ஈடாகாது.

'எப்படியும் ஆங்கில வழியில்தானே சேர்க்கப் போகிறோம், தமிழில் ஏன் இத்தனை மெனக்கெட வேண்டும்' என்று சிலர் கேட்பார்கள். பிள்ளைக்கு ஆங்கிலம் வேண்டும் என்ற பெற்றோரின் ஆசையில் தப்பில்லை, அது பிழைப்புக்கான ஆசை. ஆனால் ஒரு கதையின் முன்பின் தெரிந்து சொல்வது, காரணம் கேட்பது, புதுச் சொல்லின் பொருளை இடம் பார்த்து ஊகிப்பது ஆகிய திறமைகள் ஒரு மொழியில் வந்துவிட்டால் அடுத்த மொழிக்கும் கூடவே வரும். முதல் மொழியே அரைகுறையாக நிற்கும்போது அடுத்ததற்கு ஊன்றுகோல் இருக்காது. ஆங்கிலம் தெரியாத வீட்டில் பிள்ளையோடு அரைகுறை ஆங்கிலத்தில் நான்கு சொல் பேசுவதைவிட, நிறைவான தமிழில் நாற்பது சொல் பேசுவது அதன் ஆங்கிலத்துக்கும் நல்லது. மதுரையில் சௌராட்டிரம் பேசும் குடும்பங்கள் ஏராளம், தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகளும் உண்டு. பள்ளி தமிழில் இருக்கிறது என்பதற்காக அந்த வீட்டு மொழியை அடக்கத் தேவையில்லை. தாய் எந்த மொழியில் மனம்விட்டுப் பேசுவாரோ, தாலாட்டுவாரோ, அந்த மொழியிலேயே பேசட்டும். தமிழைக் காதில் போடும் வேலையைத் தெருவும் பால்வாடியும் சேர்ந்து செய்யலாம்.

பால்வாடி என்று மக்கள் இன்றும் அழைக்கும் அங்கன்வாடிகள்தான் இந்த விஷயத்தின் உயிர்நாடி. 1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் கீழ் தமிழ்நாட்டில் இன்று 54,000-க்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்ற பெயரில் நல்ல பாடத்திட்டமும் இருக்கிறது. 2019-இல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளும் தொடங்கப்பட்டன. குறை ஆசையிலும் இல்லை, திட்டத்திலும் இல்லை, கைகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. ஒரு டீச்சரும் ஓர் ஆயாவும் இருக்கும் மையத்தில், அந்த டீச்சரேதான் குழந்தைகளை எடைபோட வேண்டும், சத்துமாவு கொடுக்க வேண்டும், கர்ப்பிணிகளைப் பார்க்க வேண்டும், பதிவேடுகளை நிரப்ப வேண்டும். இவை போக மிஞ்சும் நேரத்தில்தான் கதை. இதைச் சரிசெய்தால் என்ன நடக்கும் என்று தமிழ்நாட்டிலேயே சோதித்தும் பார்த்தாகிவிட்டது. கானிமியன், கார்த்திக் முரளிதரன், வால்டர்ஸ் ஆகிய பொருளியல் ஆய்வாளர்கள் 320 மையங்களை எடுத்து, குலுக்கல் முறையில் பாதி மையங்களில் முன்பருவக் கல்விக்கென்றே அரைநேர ஊழியர் ஒருவரைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். பாடம் நடக்கும் நேரம் இரண்டு மடங்கானது. 18 மாதம் கழித்துப் பார்த்தபோது கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் முன்னேறியிருந்தார்கள். மொழியில் ஏற்பட்ட முன்னேற்றம் கணக்கைவிட அதிகம். பழைய டீச்சருக்கு ஊட்டச்சத்து வேலைக்கு நேரம் கிடைத்ததால் வளர்ச்சி குன்றிய பிள்ளைகளும் குறைந்தார்கள். ஒரு செலவில் இரண்டு பலன் என்று இவ்வளவு தெளிவாக நிரூபணமான அரசுத் திட்டங்கள் குறைவு.

'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022 ஜூனில் தொடங்கியது, ஒன்று முதல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை எட்டு வயதுக்குள் படிக்கவும் எழுதவும் கணக்குப் போடவும் வைக்கும் நோக்கத்தோடு. 2021-இல் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி', தெருவுக்குத் தெரு தன்னார்வலர்களைத் திரட்ட முடியும் என்று காட்டியது. 'வாசிப்பு இயக்கம்' நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்களைப் பள்ளிகளுக்குக் கொடுத்திருக்கிறது. மதுரை புதுநத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்று விரிவான பகுதி இருக்கிறது. பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவரில் தமிழ்ப் படக்கதைகள் காசில்லாமல் கிடைக்கின்றன, தாளில் அச்செடுத்தும் வைத்துக்கொள்ளலாம். எல்லாம் நல்லவை. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை ஆறு வயதுக்கு மேல்தான் பிள்ளையைச் சந்திக்கின்றன. மூன்று வயதுப் பிள்ளை தன் தெருவைத் தாண்டி நூலகத்துக்குத் தனியே போகாது. நூலகம்தான் அதன் தெருவுக்கு வர வேண்டும். ஒவ்வொரு அங்கன்வாடியிலும் பிள்ளை கைநீட்டி எடுக்கும் உயரத்தில் ஒரு கயிறு கட்டி முப்பது படக்கதைப் புத்தகங்களைத் தொங்கவிடுவது பெரிய காரியம் இல்லை. கிழிந்துவிடுமே என்று அலமாரியில் பூட்டி வைத்த புத்தகத்தால் பயனில்லை. பல கை பட்டுக் கிழிந்த புத்தகம்தான் தன் வேலையைச் செய்த புத்தகம்.

கடைசியாக ஒரு நியாயமான மறுப்பு உண்டு. விடியலில் மார்க்கெட்டில் மூட்டை இறக்கப் போகும் தகப்பனுக்கும், மில்லுக்கோ வீட்டு வேலைக்கோ போய் இருட்டிய பிறகு வரும் தாய்க்கும் பிள்ளையோடு கத்தரிக்காயைப் பற்றிப் பேச நேரம் ஏது? உண்மைதான். ஓய்ந்து வந்தவரிடம் இன்னொரு கடமையைச் சுமத்துவது சரியில்லை. அதனால்தான் இதைத் தாய் தகப்பனின் பொறுப்பு என்று மட்டும் எழுதி முடித்துவிடக் கூடாது. அங்கன்வாடியில் கூடுதல் ஊழியர் வேண்டும் என்பது இந்தக் குடும்பங்களுக்காகத்தான். ஆனால் பேச்சுக்கென்று தனி நேரம் ஒதுக்க வேண்டியதும் இல்லை. குளிப்பாட்டும்போதும், தலை பின்னும்போதும், பேருந்துக்குக் காத்திருக்கும்போதும் நம் வாய் சும்மாதான் இருக்கிறது. அப்பத்தாவும் அம்மாச்சியும் சொன்ன கதைகளும், விடுகதைகளும், நடவு வயலில் பாடிய தெம்மாங்கும் வேலைக்கு நடுவில் பிறந்தவைதான். ஓய்வு கிடைத்தவர்கள் உண்டாக்கிய சொத்து இல்லை அவை. நேரமில்லாதவர்கள் நேரத்துக்குள் நுழைத்துவிட்ட சொத்து. அந்தச் சங்கிலி நம் தலைமுறையில் அறுந்துவிடக் கூடாது.

ஆகவே செய்ய வேண்டியவை சிலவே. அரசு ஒவ்வொரு அங்கன்வாடிக்கும் முன்பருவக் கல்விக்கென்றே ஒருவரை நியமிக்க வேண்டும், கை எட்டும் உயரத்தில் கதைப் புத்தகம் வைக்க வேண்டும், தினம் ஒரு கதையை எழுத்துத் தமிழில் வாசித்துக் காட்டுவதை உணவு கொடுப்பதைப்போல் தவறாத கடமையாக்க வேண்டும். பள்ளிகள், பிள்ளையின் வீட்டுத் தமிழைக் கேலி செய்யாமல் அதிலிருந்து புத்தகத் தமிழுக்குப் படி கட்ட வேண்டும். பெற்றோர், நிரம்பிய நோட்டைக் கேட்பதை விட்டு, 'இன்னைக்கு என்ன கதை கேட்ட?' என்று பிள்ளையிடம் கேட்க வேண்டும். இந்தக் கட்டுரையைப் படிக்கும் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஐந்து வயதுக்குக் கீழ் ஒரு பிள்ளை இருந்தால், இன்று இரவு விளக்கணைக்கும் முன்பு ஒரு கதையை வாசித்துக் காட்டுங்கள். பாதியில் நிறுத்தி, அடுத்து என்ன நடக்கும் என்று கேளுங்கள். பிறகு அந்தப் பிள்ளை சொல்லி முடிக்கும் வரை பொறுமையாகக் காத்திருங்கள்.